தட்டில் வந்த பாதி வசனம்

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பேரைப் பெற்று ஆறு பேரையும் வளர்த்தேன். அதில் ஒருவன் ஓர் உயிரை எடுத்தான். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. என் பெட்டியில், துணிகளுக்கு அடியில், ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கிறது. ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. அதில் இருப்பது பாதி வசனம்தான்.

எங்கள் ஊர் வேதக்கோயிலில் புது வருட ஆராதனை முடிந்ததும் பித்தளைத் தட்டில் அட்டைகள் சுற்றி வரும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம்தான் ஆண்டவர் அந்த வருடத்துக்கு நமக்குத் தருகிற வாக்கு. அப்போதெல்லாம் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் தன் கையாலேயே எழுதுவார். இனிப்பான வசனமாகப் பார்த்து எழுதச் சொன்னால் கேட்கமாட்டார். அவருக்குத் தீர்க்கதரிசிகள்தான் பிரியம்.

இந்த அட்டை வந்த புது வருடத்துக்கு முந்தின கார் பருவத்தில், மடைத் தண்ணீர்ச் சண்டையில், என் மூன்றாவது மகன் மண்வெட்டியால் அடித்ததில் மேலத்தெரு மதினியின் ஒரே மகன் செத்துப்போனான். என் மகன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தான். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. எப்போதும்போல முன் பாயில்தான் உட்கார்ந்தேன். அதே பாயின் மறுகோடியில் மதினி.

அந்தப் புது வருடத்தில் எடுத்த அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆண்டவர் பீறிப்போட்டார், அடித்தார் என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்த ஒருத்தி, "ஆண்டவரே தீர்ப்பு எழுதிட்டாரு. இனி கோர்ட்டு எதுக்கு?" என்றாள். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, தலை குனியாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். என் வீட்டை ஆண்டவர் முழுசாகக் கைவிட்டுவிட்டாரா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

மறுநாள் உபதேசியார் தேடி வந்தார். கண்ணில் புரை விழுந்த மனிதர்.

"யம்மா, இடம் பத்தாம மிச்சத்தை இன்னொரு அட்டையில எழுதினேன். ரெண்டையும் சேத்துத் தைக்க விட்டுப்போச்சு. அடிச்சவரே காயத்தைக் கட்டுவாருன்னு மிச்சம் இருக்கு. தீர்க்கதரிசிகள் அப்படித்தான், பக்கம் பக்கமா அதட்டுவாங்க. கடைசியிலதான் அணைச்சுக்கிடுவாங்க. வேற எழுதித் தாரேன்."

"அந்தப் பாதி யாருக்குப் போச்சு, ஐயா?"

அவர் தரையைப் பார்த்தார். "மேலத்தெருவுக்கு."

வேறு அட்டை வேண்டாம் என்றேன். கட்டுகிற பாதி அந்த வீட்டுக்குப் போனதுதான் நியாயம் என்று பட்டது. ஆனாலும் கால் அங்கேதான் போயிற்று.

மதினி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன கேக்க வந்திருக்க?"

"என் வசனத்துல மிச்சம் இங்க இருக்காம், மதினி."

"எங்கிட்ட வந்தது எனக்கு. தரமாட்டேன்."

"நீயே வச்சுக்க." திரும்பினேன்.

"நில்லு."

உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கட்டுவார் என்ற சொல் பாதியில் அறுந்தது. விட்டுவிடவில்லை; திரும்ப முதலிலிருந்து வாசித்து முடித்தாள். "கேட்டுட்டேல்லா? இனி போ" என்று கதவைச் சாத்தினாள். சாகிறவரை பிறகு என்னோடு பேசவில்லை. அவளை அடக்கம் செய்தபோது அந்த அட்டையையும் சவப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

என் மகன் தண்டனை முடிந்து வந்தான். வள்ளியூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறான். கோயில் வாசலை மிதிப்பதில்லை. வசனத்தைச் சொன்னால், "அது எனக்கில்லம்மா" என்பான். காயம் கட்டியாயிற்று என்று நான் பொய் சொல்லமாட்டேன். இப்போது தட்டில் பூப்படம் போட்ட அச்சு அட்டைகள் வருகின்றன. அடிக்கிற வசனம் ஒன்றுகூட அதில் கிடையாது. எனக்கு அவை ஒட்டவில்லை.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பெட்டியில் இருப்பது அடித்த பாதி மட்டும். கட்டுகிற பாதி என் காதில் இருக்கிறது, அதுவும் மதினியின் குரலில்.

ஏளா, எழுதினதை வாசி. மதினி வாசிச்ச இடத்துல இருந்து. பைய வாசி.