சவுரிராயனின் நிப்பர்

விழுப்புரத்து இரும்புக்கடைக்காரர்களுக்கு சவுரிராயனைக் கண்டாலே ஆகாது. "கட்டிங் பிளேயர் காட்டுங்க" என்பார். காட்டினால், சட்டைப்பையிலிருந்து தீக்குச்சித் தடிமனில் ஒரு கம்பிச் சுருளை எடுத்து, நுனியைப் பிளேயரின் வாயில் வைத்து ஒரே அமுக்கு. வெட்டுப்பட்ட முனையை நகத்தால் நிமிண்டிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். பிளேயரை வேட்டி நுனியால் துடைத்து வைத்துவிட்டு, "சரிப்படாதுங்க" என்று இறங்கிப் போய்விடுவார். வாயில் பள்ளம் விழுந்த பிளேயரை அப்புறம் யார் வாங்குவார்கள்?

ஐந்து கடைகளும் இனி அவரை ஏறவிடாது என்றானபோது, பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்தார். 1986, தை மாதக் கடைசி. ஜீவகன் முதலாளியின் இரும்புக்கடையில் நான் நிறுவை போடுகிற வேலையில் இருந்தேன். அதிகம் பேசமாட்டேன். ஆட்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவர் கையில் வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு இருந்தது, தையல்காரர் என்று தெரிந்துவிட்டது. இடது கை விரல் நுனிகளிலும் காய்ப்பு இருந்தது. அது எதனால் என்று தெரியவில்லை.

"பேஸ் கிடாருங்க" என்று அவரே சொன்னார். "வெங்கடாசலம் மெல்லிசைக் குழுவுல. பகல்ல தையல், சாயங்காலம் கச்சேரி. பாடறது எங்க வூட்ல ராஜாமணி."

வந்த விஷயத்தையும் அப்படியே கொட்டிவிட்டார். பேஸ் கிடாருக்கு நாலே கம்பி. ஒவ்வொன்றும் நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. போன வருஷம் வாங்கிய கம்பிகளை, துணி வெட்டுகிற மேசைமேல் நீட்டி, டேப் வைத்து அளந்து, மடிப்புக்கு நாலு அங்குலம் விட்டு, எலக்ட்ரீஷியன் பிளேயரால் வெட்டினார். வெட்டியதில் தடித்த கம்பியின் மேல்சுற்று நெகிழ்ந்து, அது முழுக்க உளுத்துப்போனது. மாட்டினால் 'டொம்' என்று வரவேண்டிய இடத்தில் 'தொப்' என்றது. அந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவில் மூன்று கம்பியில் வாசித்தார்.

"மறுபடி கம்பிக்கு எட்டு மாசம் காத்துக்கினு இருந்தேன். மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கிறிஸ்துமஸுக்குக் கொண்டாந்தான். வெட்டவே இல்ல. நீளத்தோட அப்படியே மாட்டிட்டேன்."

"நல்லதாப் போச்சு, அப்புறம் இன்னாத்துக்கு பிளேயரு?" என்றார் முதலாளி.

"வாலுங்க."

வெட்டாத கம்பிகளின் வால்கள் கிடாரின் தலைப்பக்கம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. பொங்கல் கச்சேரியில் பக்கத்தில் நின்று பாடிய ராஜாமணியின் முந்தானை அதில் மாட்டியது. அவளுக்கு இருந்த ஒரே பட்டுப்புடவை. கல்யாணப்புடவை. பல்லவி முடிந்து அவள் நகர்ந்தபோது கிழிந்த சத்தம் மைக்கில் கேட்டதாம்.

"நான் தையல்காரன். இழை தெரியாம தச்சுக் குடுத்துட்டேன். ஆனா அவ சொல்லிட்டா. வால வெட்டாட்டி பக்கத்துல நிக்கமாட்டேன், அந்தக் கோடியில நின்னு பாடறேன்னு. எட்டு வருஷமா பக்கத்துல நின்னு பாடறவ, தம்பி. அவ மூச்சு எடுக்கறத பாத்துத்தான் நான் கம்பிய தொடறதே. வர்ற ஞாயித்துக்கெழம இங்கியே உங்க ஊர்ல ரிசப்ஷன். அதுக்குள்ள வெட்டணும். வெட்டறேன்னு அந்தக் கம்பியும் போச்சுன்னா தென்னாற்காடு மாவட்டம் பூரா தேடினாலும் வேற கெடைக்காது."

சட்டைப்பைக்குள் கை போனது. பாழான பழைய கம்பிதான் அந்தச் சுருள். முதலாளி பிளேயர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிளேயரு இன்னா கத்திரிக்காயா, நறுக்கிப் பாத்து வாங்க?"

"ஒரே ஒரு வெட்டுங்க."

"விழுப்புரத்துலேர்ந்து சேதி வந்துடுச்சு மாஸ்டர். கம்பிய உள்ள வையி."

அவர் முகம் சுருங்கியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நான் ஒவ்வொரு பிளேயராக எடுத்து, வாயை மூடி, தெருப்பக்கம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இரண்டு விளிம்புக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரிந்தால் அது கம்பியை வெட்டாது, நசுக்கும். மூன்றை ஒதுக்கினேன். கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்து, மூட்டு ஆடிய ஒன்றையும் ஒதுக்கினேன். மிச்சம் ஒரு நிப்பர். பிடிக்கிற பற்கள் கிடையாது, வாய் முழுக்க வெட்டு விளிம்புதான். எஃகு வெட்டுவதற்கென்றே காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக்கியது.

"வெட்டிப் பாக்கட்டும் மொதலாளி. பள்ளம் வுழுந்தா நானே எடுத்துக்கறேன்" என்றேன். அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். முதலாளி பெட்டியை விட்டார்.

'டக்.' சவுரிராயன் முனையை நிமிண்டினார். மேல்சுற்று நெகிழ்ந்து, நகத்தோடு சுழன்றது.

"இதுவும் போச்சு" என்று நிப்பரை வைத்துவிட்டார்.

நான் விளிம்பைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வெட்டுப்பட்ட முனையை வாங்கிப் பார்த்தேன். நடுக்கம்பி தட்டையாக, பளபளவென்று இருந்தது. நசுங்கவே இல்லை. எங்கள் கடையில் கிணற்று மோட்டார் இறக்க இரும்புக் கம்பிக்கயிறு வெட்டித் தருவோம். வெட்டுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் முதலில் மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வெட்டவேண்டும். கட்டாமல் வெட்டினால் எந்த அரமும் எந்த உளியும் பிரிவதைத் தடுக்காது.

"அண்ணே, இது நிப்பர் கோளாறு இல்லண்ணே. பிடி இல்லாம வெட்றீங்க."

பழைய கம்பியை வாங்கி, ஒரு இடத்தில் முழங்கை மாதிரி கூர்மையாக மடக்கினேன். கயிற்றுக்குக் கட்டு மாதிரி, கம்பிக்கு இந்த மடிப்புதான் பிடி. மடிப்பைத் தாண்டி அரை விரல் தள்ளி வெட்டச் சொன்னேன். 'டக்.' நிமிண்டினார். சுற்று அசையவில்லை. மறுபடி நிமிண்டினார். இழுத்தார். அசையவில்லை.

"துணியில மொதல்ல வெட்டு, அப்புறந்தான் மடிப்பு" என்றார் மெதுவாக. "இருபது வருஷமா அதான் என் கையி. அஞ்சு கடை பிளேயர பாழ் பண்ணிட்டனேடா."

"வால் இருக்கற கம்பி இப்ப எப்பிடிண்ணே மாட்டியிருக்கு?"

கண்ணை மூடி, கையால் காற்றில் மாட்டிக் காட்டினார். கம்பியை இறுக்குகிற முறுக்காணியின் துளைக்குள் விட்டு, மடக்கி, இரண்டு சுற்று. பாதியில் கை நின்றது.

"மடிச்சுத்தான் மாட்டியிருக்கேன்!"

பயந்துகொண்டு வெட்டாமல் விட்டதில், செய்ய வேண்டியதைத் தெரியாமலே முதலில் செய்து வைத்திருந்தார். முதலாளி சிரித்துக்கொண்டே நிப்பருக்குக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார். "போ மாஸ்டர், ஜல்தியா போயி வெட்டு."

ஆனால் அவர் வீட்டில் வெட்டவில்லை. ஞாயிறு மாலை கல்யாண மண்டபத்துக்கு வாலோடுதான் கிடாரைக் கொண்டுவந்தார். ரிசப்ஷன் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே எனக்கு ஆள் அனுப்பிவிட்டார். போனபோது கையில் நிப்பரை வைத்துக்கொண்டு, கம்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராஜாமணி, கிழிசல் தைத்த அரக்குப் பட்டின் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"காலையிலேர்ந்து இப்பிடித்தான் தம்பி, பேஜாரு. குடுங்க, நான் வெட்டறேன்."

"நீ சும்மா இரு. தம்பி, நீ பக்கத்துல நில்லு."

துளையை ஒட்டி ஒவ்வொரு வாலையும் இன்னும் அழுத்தி மடக்கினார். தடித்த கம்பியில் தொடங்கினார். வெட்டுத்துண்டு கண்ணில் தெறிக்காமல் இடது கையால் பொத்திக்கொண்டார். 'டக்.' உடனே கம்பியைத் தட்டினார். 'டொம்.' ஒலி அடங்கும்வரை தலையைக் குனிந்து கேட்டார். மறுபடி தட்டினார். சுருதி ஒரு இம்மி இறங்கவில்லை. பிறகு மற்ற மூன்றும். நான்கு துண்டுகளையும் பொறுக்கி, ஊசிப்பெட்டியில் போட்டு மூடினார்.

ராஜாமணி குனிந்து கிடாரின் தலைப்பக்கத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம்.

"கீறவே இல்லீங்க" என்றாள்.

குழு நடத்துகிற வெங்கடாசலம் மேடையின் அந்தக் கோடியில் அவளுக்கென்று தனியாக ஒரு மைக் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தாள். முதல் பாட்டுக்கு நோட்டைப் பிரிப்பதற்கு முன்னால், இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, அது கிடாரின்மேல் விழுகிற மாதிரியே தொங்கவிட்டாள். சவுரிராயன் அவள் மூச்சு எடுப்பதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.