கார் அவர் பேரில் இருந்தது

என் வீட்டுக்காரர் கட்டட காண்ட்ராக்டர். காரைக்குடியிலும் சுற்றுப்பட்டிலும் வீடு கட்டிக் கொடுத்தவர். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய வெள்ளைக் கார் வாசலிலேயே நின்றது. டிக்கியைத் திறந்தால் சிமெண்ட் தூசி. எனக்கு ஓட்டத் தெரியாது; மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். சும்மா நின்று வீணாவதற்குப் பதில் விற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

கொழுந்தனார், அதாவது அவருடைய தம்பி, மானகிரியிலிருந்து ஒரு புரோக்கரைக் கூட்டிவந்தார். ஆள் தயாராகத்தான் வந்திருந்தார். பையிலிருந்து பெயர் மாற்றப் படிவங்களையும் ஒரு விற்பனைக் கடிதத்தையும் எடுத்து வைத்தார். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலி. தேதி மட்டும் எழுதியிருந்தது. அது என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த தேதி.

"ஆர்.சி. புக்குல இருக்கிற மாதிரியே அண்ணன் கையெழுத்தைப் போட்டுருங்க. எல்லாரும் செய்றதுதான்" என்றார் புரோக்கர்.

நான் அந்தத் தேதியைத் திரும்பப் படித்தேன். தயங்குகிறேன் என்று நினைத்து கொழுந்தனார் பேனாவை எடுத்தார். "விடுங்க மதினி, அண்ணன் கையெழுத்து எனக்கு நல்லா வரும்."

காகிதத்தை அவர் கையிலிருந்து இழுத்தேன்.

"அவரு போய்ச் சேந்தது ஊருக்கே தெரியும். இந்தக் காகிதத்துல மட்டும் உசுரோட இருந்து கையெழுத்துப் போடுவாரோ? பேரு இல்லாத ஆளுக்கு வண்டியக் கொடுத்து, நாளைக்கு அது எங்கயாச்சும் மோதிட்டா, போலீஸ் யாரத் தேடி வரும்? நீங்க ரெண்டு பேருமா வந்து நிப்பீக?"

புரோக்கர் பையை மூடிக்கொண்டு எழுந்தார். முறைப்படி போனால் மாசக்கணக்கில் அலைய வேண்டும், அதற்குள் வண்டி துருப்பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தனார் செருப்பை மாட்டும்போது, ஒரு பொம்பளை எந்த ஆபீசுக்கென்று அலைவாள் என்று கேட்டார். அலைந்து காட்டுகிறேன் என்றேன்.

அலைந்தேன். இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்தேன். மகள் ஊருக்கு வந்து, அம்மா பேருக்கு மாற்றுவதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். தனியாகவா வந்தீர்கள், வீட்டு ஆம்பளைகள் யாரும் வரவில்லையா என்று ஒருவர் கேட்டார். காரைத்தானே மாற்ற வந்திருக்கிறேன், கல்யாணம் பேசவா வந்திருக்கிறேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

புது ஆர்.சி. என் பெயரில் தபாலில் வந்தது. அதற்குப் பிறகுதான் வண்டி விலைக்கு என்று ஆட்களிடம் சொன்னேன்.

நெற்குப்பையிலிருந்து ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தது. விற்பனைக் கடிதத்தை நானே எழுதினேன். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், அவர்கள் முகவரி, வண்டியை ஒப்படைத்த நாள், மணி எல்லாம். மணி எதற்கு என்று டீச்சர் கேட்டார். அந்த நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு நான் பொறுப்பு, பின்னால் நடப்பதற்கு நீங்கள் என்றேன். நல்லதுதான் என்று அவரும் தனக்கொரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளே மூவரும் அலுவலகத்துக்குப் போய்ப் படிவங்களைக் கொடுத்தோம். இன்சூரன்ஸையும் அவர்கள் பேருக்கு மாற்றச் சொன்னேன்.

விஷயம் கேள்விப்பட்ட கொழுந்தனார், தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டாராம். நேரில் வந்து கேட்டால் பதில் சொல்லலாம் என்றிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

வண்டி கிளம்பிப் போன அன்றைக்கு மகள் போன் பண்ணினாள். "அழுதியாம்மா?" என்றாள்.

"இல்லத்தா. வாசல் பெருசாத் தெரியுது. பெருக்கிட்டு வந்து இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன்" என்றேன்.