கிளிப்பில் சுற்றிய சுங்குடித் துணி

என் கடை மேசையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கிளிப் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். இரண்டு முனைகளும் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கின்றன. நடுப்பகுதி மட்டும் நேற்றுச் செய்ததுபோல் கன்னங்கரேலென்று இருக்கிறது. அந்த நடுப்பகுதியைச் சுற்றியிருந்த சிவப்புச் சுங்குடித் துணியைக் கழற்றியவன் நான்தான். கழற்றிய நாளிலிருந்து எனக்கு ஒரே குழப்பம்.

அதைச் சேலைக்கார அக்காவுக்காகச் செய்து கொடுத்தேன். சின்னாளப்பட்டியில் சேலை எடுத்து, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, வத்தலக்குண்டு வரை வீடு வீடாகப் போய் விற்பவர். சிறு வயதில் வந்த போலியோவில் ஒரு கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலை வண்டியின் பக்கவாட்டில் செருகி வைக்கும் கிளிப் உடைந்துபோய், அதே மாதிரி வேறெங்கும் கிடைக்காமல், திண்டுக்கல்லில் எதைக் கேட்டாலும் பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தருவதாகப் பெயர்ப்பலகை மாட்டியிருந்த என் கடைக்கு வந்து ஹாரன் அடித்தார். வெளியே போனேன். “கட்டை கைக்கு எட்டுற மாதிரி இருந்தா நானா இறங்கி நானா ஏறிக்கிருவேன் தம்பி. அது கீழ விழுந்துருச்சுன்னா போற வாரவுகளக் கூப்புடணும். ஒருத்தரையும் கூப்புடாம இருக்கணும், அம்புட்டுத்தேன்” என்றார்.

அப்போது எனக்குத் தொழில் புதிது. த்ரீ-டி பிரிண்டர் பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காகப் பொருளைச் செய்யும். அந்த இழை சுருள் சுருளாக வரும். பார்க்க நூல்கண்டு மாதிரியே இருக்கும். அக்காவும் அதைக் கடைசி வரை நூல் என்றுதான் சொன்னார். இருந்தவற்றில் அழகானது, பட்டு மினுமினுப்போடு மஞ்சளாக இருந்த, பி.எல்.ஏ. என்ற வகை. அச்சிடச் சுலபம், பார்க்க லட்சணம். அதிலேயே செய்து கொடுத்துவிட்டேன். அது சித்திரை மாதம். ஒரே வாரத்தில் வாடின வெற்றிலைபோல் தொங்கிப்போன கிளிப்போடு திரும்பி வந்தார். செம்பட்டிக்கு அந்தப் பக்கம், வெட்ட வெளியில், ஊன்றுகோல் நழுவிச் சாலையில் விழுந்துவிட்டதாம். யாரையும் கூப்பிடப் பிடிக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாராம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தானாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கும் வரை. இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வராத குறை.

அடுத்தது ஏ.பி.எஸ். என்ற இழை. சூட்டைத் தாங்கும் என்றார்கள். தாங்கியிருக்கும்தான். ஆனால் அதை அச்சிடும்போது காற்று படவே கூடாது. திண்டுக்கல் கோடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார நான் என்ன சாமியாரா? விசிறி ஓடியது, அடுக்குக்கு அடுக்கு விரிசல் விட்டது, மூன்றாம் நாளே கிளிப் இரண்டாகப் பிளந்தது. நல்ல வேளை, அது அவர் வீட்டு வாசலில் நடந்தது.

அதற்குப் பிறகு வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தெளிவதற்குப் பதில் கலங்கியது. இளக வைப்பது சூடு, உளுத்துப்போக வைப்பது வெயில், இரண்டும் வேறு வேறு என்றார் ஒருவர். கறுப்பு நிறம் வெயிலுக்கு நல்லது என்றார் இன்னொருவர். கறுப்புதான் சூட்டை இழுக்கும் என்றார் மற்றொருவர். இரண்டு பேர் சொன்னதும் உண்மையென்றால் நான் என்னதான் செய்வது? கடைசியில், கண்ணை மூடிக்கொண்டு என்றே சொல்லலாம், பி.இ.டி.ஜி. என்ற இழையில், கறுப்பிலேயே அச்சிட்டேன். அக்கா அதைக் கையில் வாங்கவே யோசித்தார். “கறுப்புச் சேலையைப் போணிக்கு எவளாச்சும் எடுப்பாளா? விடிஞ்சதும் முத முத நான் கை வைக்கிற பொருளு தம்பி இது.” வேறு நிறம் இல்லை என்று சொல்லி மாட்டி அனுப்பினேன்.

இரண்டு கோடை தாண்டியது. அவ்வப்போது போனில் விசாரிப்பேன். “உடையலப்பு, கல்லு கணக்கா இருக்கு” என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பெரிய ஆளாகிவிட்டேன். தோட்டத்துக் குழாய்ப் பிடி, கேமரா மூடி, கோழிக்கூண்டுத் தாழ்ப்பாள், வெயிலில் கிடக்கப்போவது எதுவானாலும் கறுப்பு பி.இ.டி.ஜி.தான் என்று அடித்துச் சொன்னேன்.

இந்த ஆண்டு அக்கா புது வண்டி வாங்கினார். அதில் இரும்புப் பிடி வைத்தே வந்தது. பழைய வண்டியைப் பிரித்த மெக்கானிக், அக்கா கொடுக்கச் சொன்னதாக அந்தக் கிளிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் சுங்குடித் துணி, மூன்று சுற்று, இறுக்கமான முடிச்சு. கழற்றிப் பார்த்ததும் திகைத்துப்போனேன். வெயிலைத் தாங்கியது என் பிளாஸ்டிக்கா, இந்தத் துணியா? துணி என்றால், ஊரெல்லாம் நான் சொன்ன சொல்லுக்கு என்ன ஆதாரம்? அதைவிட, ஏன் கட்டினார்? கறுப்பு கண்ணில் படக் கூடாதென்றா? இரண்டு முறை ஏமாந்தவர், மூன்றாவதையும் நம்பவில்லையா? நான் மனம் நோவேன் என்றுதான் சொல்லாமல் விட்டாரா? நாலைந்து நாள் இதே நினைப்பு. ஒருவழியாகப் போன் செய்து கேட்டே விட்டேன்.

“துணியா? சூடு பொறுக்காமச் சுத்துனது தம்பி. கிளிப்பைப் புடிச்சு விரிச்சாத்தான கட்டை வெளிய வரும்? மத்தியானத்துல தொட்டா சுள்ளுன்னு சுடும். உள்ளங்கை செவந்துபோகும். கட்டை ஊண்டுற கையில்ல அது?”

“ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?”

“நீ உடைஞ்சிருச்சா, உடைஞ்சிருச்சான்னுதான கேட்ட. உடையலையே!”

போனை வைத்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு கோடையும் கிளிப்பின் நலத்தைத்தான் விசாரித்திருக்கிறேன். கை ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. எந்த வீடியோவிலும் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கிளிப் நிலைத்தது இழையாலா துணியாலா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெயிலுக்கு எது நல்லது என்று யாராவது கேட்டால், மத்தியானத்தில் அதை யார் தொடுவார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

நேற்று மதியம் இந்தக் கிளிப்பைக் கடை வாசலில் வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய், நடுவில் பிடித்து எடுத்தேன். கையில் வைத்திருக்க முடியவில்லை, கீழே போட்டுவிட்டேன். குனிந்து நானே எடுத்துக்கொண்டேன். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.