நான் தைத்து முடித்த சாட்சி

இரண்டு நாடுகளுக்கிடையிலான கடல் வழக்கில், எங்கள் கரையிடம் இருந்த ஒரேயொரு சாட்சியை ஒற்றைத் தீக்குச்சியால் முடித்துவைத்த மடையன் நான்தான். நைலோன் வலை எரியும் காரமான நாற்றம் எங்காவது மூக்கில் பட்டால், வாப்பா நிற்கிறாரா என்று இன்றைக்கும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறேன்.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் 'பாஸ்' கேட்ட காலமும் முடிந்து, கற்பிட்டிக் கரை மூச்சுவிட்ட நேரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்திய இழுவைப் படகுகள் கூட்டமாக வரத் தொடங்கின. 'ரோலர்' என்றுதான் நாங்கள் சொல்வோம். மாலையில் விரித்த வலை விடியும்போது பாதியாக இருக்கும். முறையிட்டால், கிழித்தது யாரென்று எப்படித் தெரியும் என்ற கேள்விதான் திரும்பி வரும். ஒரு விடியலில் வாப்பாவின் வலையும் பெரிய ஓட்டையோடு வந்தது. ஆனால் அந்த ஓட்டையில், ரோலர் இழுத்துவரும் மடிவலையின் பச்சைத் துண்டொன்று இறுகச் சிக்கிக் கிடந்தது. அவ்வளவு மொத்தமான நூலை எங்கள் கரையில் ஒருவரும் பாவிப்பதில்லை.

கொழும்பில் இரு நாட்டு அதிகாரிகளும் பேசப் போகிறார்கள், அதற்கு முன் எங்கள் பக்கத்து அதிகாரி ஒருவர் வந்து சேதம் பார்ப்பார் என்று செய்தி வந்தது. சங்கத் தலைவர் காசிம் மாமா பெரியவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்: "மத்தவங்கட வலை கிழிஞ்ச வலை. இவர்ர வலைதான் வாய் திறந்து கதைக்கிற வலை." வாப்பா அதை முற்றத்தில் சாக்குப் போட்டு மூடிவிட்டு, வேறொருவரின் படகில் தொழில் செய்ய மூன்று நாள் தங்க, மீனவர்களின் கரையோரக் குடிசைகள் இருந்த வாடிக்குப் போனார். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வயதுக்காரனிடம் ராஜதந்திரம் யார் பேசுவார்?

எங்கள் கரையில் வலையைக் கிழிந்தபடி போட்டுவைப்பது வெட்கம். நானோ அந்த வருடம்தான் வலை ஊசி பிடிக்கப் பழகி, கண்ணில் பட்டதையெல்லாம் தைத்துக்கொண்டிருந்தேன். உம்மாவின் கோழிக்கூடுகூடத் தப்பவில்லை. பச்சைத் துண்டை வெட்டியெடுத்துக் குப்பையோடு கொளுத்தினேன். மூன்று நாள் குந்தியிருந்து ஓட்டையை அடைத்தேன். வாப்பா பார்த்து அசந்துபோகட்டும் என்று மறுபடி சாக்கையும் போட்டு மூடினேன்.

நாலாம் நாள் அதிகாரி வந்தார். கரையே எங்கள் முற்றத்தில் நின்றது. வாப்பா சாக்கை இழுத்தெறிந்து, "இந்தா பாருங்க சேர்" என்று வலையை விரித்தார். விரித்தார், விரித்தார், விரித்துக்கொண்டே இருந்தார். ஓட்டையைக் காணவில்லை.

"வலை நல்லாத்தானே இருக்கு?" என்றார் அதிகாரி, பேனையைப் பிடித்தபடி.

"அந்தப் பச்சைத் துண்டு எங்க?" வாப்பாவின் குரல் இறங்கியது. அவர் கத்தினால் பயமில்லை. குரல் இறங்கினால்தான் பயம். நான் சாம்பலைக் காட்டினேன்.

"டேய், நீ எந்த நாட்டுக்காரன்டா?" என்றார் காசிம் மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை.

வாப்பா அடிக்கவில்லை. வலையைச் சுருட்டிக்கொண்டு அன்றைக்கே வாடிக்குப் போனார். அந்த வலையை நான் பிறகு காணவில்லை. கொழும்பில் பேசினார்கள், கிழித்தது யாரென்ற கேள்வி அப்படியே நின்றது.

இப்போது வாடிகள் இருந்த இடத்தில் விடுதிகள். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று அலைமேல் ஓடுகிறார்கள். வாப்பா படகை விற்றுவிட்டார். பேச்சுவார்த்தை மட்டும் வானொலியில் இன்னும் நடக்கிறது. போன பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது, இத்தனை வருடமாக என்னை நானே தேற்றிக்கொண்ட கதையை அவரிடம் எடுத்துவிட்டேன்: "சாட்சி போனாப் போகட்டும் வாப்பா, நான் தைச்ச வலையால எத்தின வருசம் மீன் புடிச்சிருப்பீங்க!"

"அத கடல்ல போட்ட மூணாம் நாளே ரோலர் கொண்டுபோயிட்டுது."