சுவிட்ச் போடாமலே குறைஞ்ச வலி

இடுப்புல ஒரு கைய வெச்சுக்கிட்டே படிக்கிறீங்களே, உங்களத்தாங்க! மூட்டு, முதுகு, கழுத்துன்னு ஆளுக்கொரு எடத்துல வலி வெச்சிருக்கற கூட்டாளிங்களே, வலிக்குக் கரண்ட் வைக்கிற தொழில்ல மிஷினவிட வைக்கறவன் வாய்தான் அதிகம் ஓடும். காலேஜ பாதியில விட்டுட்டு, அரூர்ல ஒரு பிசியோதெரபி கிளினிக்ல ரெண்டு வருசம் அந்த வேலை பார்த்தேன். அந்த ஜெல்லு வாசம், கட்டிலுக்குக் கட்டில் ஊர்க்கதை... இப்ப நெனச்சாலும் மனசு அங்கயே போய் உக்காந்துக்குது.

அக்காவும் மிஷினும்

எங்ககிட்ட கரண்ட் வெச்சுக்க வர்ற மாதம்மா அக்கா, மரவள்ளிக் காட்டுல வழுக்கி விழுந்து மூணு வருசம். ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, இடுப்பு வலி மட்டும் போகல. ஒரு நாள் இடுப்புல கரண்ட் பட்டைய ஒட்டிட்டு, கதை சொல்லி அவங்கள நல்லா சிரிக்க வெச்சேன். இருவது நிமிசம் கழிச்சுப் பார்த்தா, மிஷினுக்கு சுவிட்சே போடல! நான் திருதிருன்னு முழிக்க, அக்கா எழுந்து சொன்னாங்க: "இன்னிக்கு வெச்ச அளவே நாளைக்கும் வெய்யி தம்பி, சொகமா இருந்துச்சு."

டீக்கடை

என் வாய் சும்மா இருக்குமா? வெளிய டீக்கடையில அவங்க வூட்டுக்காரர்கிட்ட அதையே ஜோக்கா எடுத்து வுட்டேன். மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் டம்ளர கீழ வெச்சாரு: "அப்ப மூணு வருசமா நடிச்சிருக்காளா?"

அதோட அக்கா வர்றது நின்னுபோச்சு.

ஏத்தி வெச்ச சவுண்டு

அக்கா ஏன் வரலன்னு கிளினிக் டாக்டரம்மா கேட்டாங்க, மறைக்காம சொல்லிட்டேன். தலையில கைய வெச்சுக்கிட்டாங்க. "அடி எப்பவோ ஆறிடுச்சுடா. மூளையும் தண்டுவடமும்தான் இன்னும் உசார்லயே நிக்குது. பண்டிகையில மைக்செட்காரன் சவுண்ட ஏத்தி வெச்சுட்டா, மைக்க லேசா தொட்டாலே ஊரே அதிருமில்ல? அப்படி."

"அப்ப சுவிட்ச் போடாம எப்படிங்க மேடம் குறைஞ்சுது?"

"அவ அன்னிக்குப் பயமில்லாம படுத்திருந்தா, சிரிச்சா. சவுண்டு கொஞ்சம் எறங்குச்சு. அதுக்காக வலி பொய்யாயிடுமா?"

வாசல்ல

மறுநாளே அக்கா வூட்டுக்குப் போய், அந்த மைக்செட் கதைய அவங்க வூட்டுக்கார அண்ணன்கிட்ட ஒப்பிச்சேன். அவரு தலைய நிமுத்தல. செவுத்தப் புடிச்சுக்கிட்டு வந்த அக்கா என்னைப் பார்த்தே பேசுனாங்க: "வலியக்கூட பொறுத்துக்குவேன் தம்பி. நடிக்கிறேன்னு பேராச்சு பாரு, அதுலருந்து வலிச்சா மொனகக்கூட பயமாருக்குது."

அண்ணன் எழுந்து போயி அக்காவுக்குக் கை குடுத்தாரு: "நாளைக்கு நானே கூட்டியாரேன்."

ஆளுங்க வலிய எறக்கற வேலைக்குப் போயி, அந்த அக்காவுக்கு மட்டும் வலிய ஏத்திவிட்டது சத்தியமா நான்தானுங்க.