இடது பக்கக் காலடி மேட்டில் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் அல்சூரில் பாஷா பாயின் ஷெட்டில் வேலை பார்த்தேன். பழைய கார்களின் கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர், ஓரப் பட்டையான பீடிங் எல்லாம் கழற்றி மாற்றுவது எங்கள் வேலை. ஒரு மழைக்காலக் காலையில், புதிதாகக் கதவு ரப்பர் போட்டு அனுப்பிய அம்பாசடர் திரும்பி வந்து நின்றது.

கார்க்காரர் நாராயணன், பீன்யாவில் ஒரு ஃபாக்டரியில் ஃபோர்மேன். இறங்கும்போதே கத்தினார்.

"என்ன பாய், அதே எடத்துல தண்ணி! இனிமே ரிப்பேரே வேணாம், வித்துடறேன்."

முன் சீட்டில் அவர் மனைவி கோமதி உட்கார்ந்திருந்தார். போலியோவில் இடது கால் பாதிக்கப்பட்டவர். தொடைவரை காலைத் தாங்கும் இரும்புக் கேலிப்பர், அதோடு சேர்த்த தோல் ஷூ. ஓர் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். அந்தக் காலை மடக்கி ஆட்டோவில் ஏற முடியாது, பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். கார் போனால் அவர் வேலையும் போய்விடும்.

பாய் விடுவாரா? "அரே சார், நம்ம ரப்பர் ஃபஸ்ட் கிளாஸ். ஒங்க கதவுதான் பெண்டு. டிங்கரிங் பண்ணணும்."

நான் ரப்பரில் சாக்பீஸ் பொடி தடவி, கதவைச் சாத்தித் திறந்தேன். ஃபிரேமில் வெள்ளைக் கோடு எங்குமே அறுபடவில்லை. ரப்பர் சுற்றிலும் சரியாகப் படிகிறது என்று அர்த்தம். கதவும் வளைந்திருக்கவில்லை. ஆனால் காலடி மேட் சொதசொதவென்று கிடந்தது.

"மொதல்ல எங்க சார் நனையுது?" என்று கேட்டேன்.

"கதவோரம்தான். எத்தன வாட்டி சொல்றது?"

"கதவோரம் இல்ல," என்றார் கோமதி. சீட்டிலிருந்தபடியே தன் ஷூவைக் காட்டினார். "மொதல்ல மேலேர்ந்து என் ஷூ மேல சொட்டும். அப்புறம்தான் ஓடிப் போய் கதவுகிட்ட நிக்கும். தோல் ஊறி ஊறி கால்ல புண்ணே வந்துடுச்சு."

நாராயணன் திகைத்தார். "இத நீ சொல்லவே இல்லியே?"

"சொன்னேன். ரப்பர் போடறவங்களுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமான்னு கேட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவரைச் சுற்றித்தான் அவ்வளவு நேரமும் வேலை பார்த்திருக்கிறோம்.

கோமதி இறங்கிக்கொண்டதும், டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கொண்டு, முன் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கண்ணாடி ரப்பரின் கீழ் மூலையிலிருந்து, அவர் ஷூ இருந்த இடத்துக்கு நேர் மேலே, தண்ணீர் கோடு பிடித்து இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ரப்பர் பளபளவென்று இருந்தது.

"வாராவாரம் மண்ணெண்ணெய் தொட்டு நானே தொடைக்கிறேன்," என்றார் நாராயணன் பெருமையாக.

நகத்தால் அழுத்தினேன். பசை மாதிரி பிய்ந்து வந்தது. மண்ணெண்ணெய் ரப்பரை உப்பவைத்து இளக்கிவிடும். பளபளப்பு அன்றைக்கு மட்டும்தான்.

முன் கண்ணாடியைக் கழற்றிப் புது ரப்பர் மாட்டினோம். ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து நான் கயிற்றை இழுக்க, வெளியே பாய் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர, கண்ணாடி கிண்ணென்று உட்கார்ந்தது. கோமதி மறுபடி ஏறி அமர்ந்தார். பாய் ஹோஸைத் திறந்துவிட்டார். ஒருவரும் மேட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தோம்.

நாராயணன் ஜன்னலில் குனிந்து, கொஞ்சம் பயத்தோடு கேட்டார். "சொட்டுதா?"

"இல்ல. நாளைக்கு ஆபீஸுக்கு இதுலயே போலாம்."

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் சாவியை ஓனரிடம் வாங்கிக்கொள்வேன். லீக்கைப் பற்றி மட்டும் நனைகிறவரைக் கேட்பேன்.