மூடி திறந்திருந்த நேரம்

திருப்பதியில் ஓர் ஆய்வகத்து ஃப்ரீசரைப் பழுதுபார்க்கப் போனபோது அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணைப் பார்த்தேன். சோதனைக்குழாயின் மூடி திறந்திருக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார். உள்ளே என்னவென்று கேட்டேன். மூடிய பிறகே பதில் வந்தது.

“ஆர்க்கியான்னு உப்புத்தண்ணியில வாழற நுண்ணுயிர் சார். அதோட சின்ன ஆர்.என்.ஏ. இது. எந்த ஜீன் எப்ப அடங்கணும்னு பாத்துக்கினு இருக்கும். எச்சில் தெறிச்சாலே அழிஞ்சிடும்.”

மதியம், தன் உடம்பிலிருந்த கட்டியைக் காட்ட பாலசமுத்திரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவருடைய அப்பா, வீட்டுச் சாப்பாட்டோடு வராந்தாவுக்கு வந்தார்.

“கட்டிக்கு டாக்டர் இன்னா சொன்னாரு நைனா?” என்றபடி டிபன் பாக்ஸைத் திறந்த மகள், சட்டென்று மூச்சை அடக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழக்கமா, பயமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்பா அந்த மூடியை மெல்ல மூடினார்.

“கெட்ட கட்டி இல்லியாம். மூச்சு வுடும்மா.”